பெரிய வாய்க்காலுக்கு மேற்கே

புதுச்சேரி என்றதும் எல்லோரும் டூமா வீதி, ரொமான் ரோலான் வீதி என்று ஊரை இரண்டாகப் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, பழைய வெள்ளையர் பகுதியில் இருப்பதைத்தான் சொல்கிறார்கள். மஞ்சள் சுவர், காகிதப்பூ, உயரமான கேட். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் என் மனம் நின்றது மேற்கே, தமிழர் பகுதியின் வைசியாள் வீதியில்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடம் தேடவே வேண்டியிருக்கவில்லை. தெருவோரமாக மரத்தூண் நட்டு ஓட்டுச் சாய்ப்பு இறக்கியிருக்கிறார்கள். அந்தத் தாழ்வாரம் தெருவில் போகிறவர்களுக்கு. அதை ஒட்டி உள்ளே திண்ணை, வந்தவர் உட்கார. திண்ணையில் இருந்த பெரியவர், "ஏன் தம்பி நின்னுக்கிட்டிருக்கீங்க, மேல வந்து உக்காருங்க" என்றார். கிழக்கே வீடுகள் தெருவுக்கு மதிலைக் காட்டும். இங்கே வீட்டின் முன்பாதியைத் தெருவுக்கே விட்டிருக்கிறார்கள்!

மழை விடவில்லை. உள்ளே கூட்டிப்போனார். கீழே முற்றமும் மரத்தூணுமாக அப்படியே தமிழ் வீடு. மாடி ஏறினால் வளைவு ஜன்னல், சாய்பலகைக் கதவு, சுவரில் பூசி எடுத்த அரைத்தூண் என்று பிரெஞ்சு சாயல். பிரெஞ்சுக்காரர் காலத்து நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை ரங்கப்பிள்ளை வீதியில் இருக்கிறது, அதிலும் இதே கலப்புதான். 1761-இல் ஆங்கிலேயர் வெள்ளையர் பகுதியைத் தரைமட்டமாக்கினார்கள். இன்று நாம் படம் எடுக்கும் பிரெஞ்சுக் கட்டடங்களில் பல அதற்குப் பிறகு எழுந்தவை. பிள்ளையின் வீடு அதற்கு முந்தியது.

பெரியவர் அண்ணாந்து கூரையைக் காட்டினார். மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளை இடைவெளி விட்டுப் போட்டு, அவற்றின் மேல் சின்னச் சின்னச் செங்கற்களைக் குத்தாக நிறுத்தி, சுண்ணாம்புச் சாந்தில் மூலைவாட்டாக வரிசை பிடித்துக் கட்டுகிறார்கள். கீழிருந்து பார்த்தால் அந்தச் சாய்ந்த வரிசை தெளிவாகத் தெரிகிறது. ஒரு மூலையில் மட்டும் உப்புப் பூத்து, காரை பொருக்குப் பொருக்காக உதிர்ந்துகொண்டிருந்தது. யாரோ சிமென்ட் பூசிய இடமாம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சும், வெயிலில் வெளியே விட்டுவிடும். மேலே சிமென்ட் போட்டால் ஈரம் வெளியேற வழியில்லை, உள்ளேயே நின்று செங்கல்லைத் தின்றுவிடும். "சிமென்டுக்கு ஆள் தெருவுக்குத் தெரு இருக்கான் தம்பி. சுண்ணாம்பு அரைக்கத் தெரிஞ்சவனுக்கு எங்க போறது?"

மேரி கட்டடம், அதாவது பிரெஞ்சுக்காரர் காலத்து நகராட்சி அலுவலகம், 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்ததை நினைத்துப் பாருங்கள். அதே தோற்றத்தில் திரும்பக் கட்டி 2021-இல் திறந்துவிட்டார்கள். சரி, அது கடற்கரையில் எல்லோர் கண்ணிலும் படுகிற அரசுக் கட்டடம். தமிழர் பகுதியில் ஒரு வீடு சரிந்தால், அடுத்த முறை போகும்போது அங்கே கான்கிரீட் பில்லர்தான் எழுந்திருக்கும். பாதுகாத்தால் பலன் உண்டு என்பதற்கும் வைசியாள் வீதியே சாட்சி. பழைய கட்டடங்களைப் பாதுகாக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு ஐரோப்பிய ஒன்றிய உதவியோடு வீட்டு முகப்புகளையும் தாழ்வாரங்களையும் சீரமைத்ததற்கு 2008-இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது.

புதுச்சேரியிலோ காரைக்காலிலோ சொந்த வீட்டைச் சுண்ணாம்பிலேயே பழுது பார்த்தவர்கள் யாராவது இருந்தால், எந்தக் கொத்தனாரைக் கூப்பிட்டீர்கள், சதுரத்துக்கு என்ன கூலி ஆனது என்று எழுதுங்கள். பெரியவரிடம் சேர்த்துவிடுகிறேன். அடுத்த மழைக்குள் அந்த மூலையைச் சரிசெய்ய வேண்டும் என்று இருக்கிறார்.