குடில் தக்காளியில் பூ உதிர்கிறது

கேள்வி: தளி பக்கம் பத்து சென்ட் பசுமைக்குடிலில் தக்காளி நட்டிருக்கிறேன். செடி கயிற்றில் செழிப்பாக ஏறுகிறது. பூவோ காம்போடு உதிர்கிறது. பிடித்த காயும் அடி கறுத்துக் குழி விழுகிறது. ராயக்கோட்டை மண்டிக்கு எதைக் கொண்டுபோவேன்?

பதில்: அண்ணா, குடிலுக்குள் காற்றோட்டம் குறைவு. காலை பத்து மணிவாக்கில் கயிற்றைத் தட்டிவிடுங்கள், மகரந்தம் கொட்டும். வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் அதுவும் பலிக்காது. பக்கத் திரையைச் சுருட்டிவிடுங்கள்.

பதில்: அடி கறுப்பது நோயல்ல, மருந்துக்குக் காசைக் கரைக்காதீர்கள்! காயவிட்டுப் பாய்ச்சினால் கால்சியம் காய்க்கு எட்டாது. சொட்டுநீரைச் சிறிது சிறிதாகப் பிரித்து விடுங்கள். கால்சியம் நைட்ரேட் உரம் விடுவதானால் சல்பேட் உரத்தோடு கலக்காதீர்கள்; கலந்தால் ஜிப்சமாக உறைந்து குழாய் அடைக்கும்.

கேட்டவர்: நன்றி தம்பி. தண்ணீரை இன்றே மாற்றுகிறேன்.

பதில்: மண்டியில் வயல் தக்காளியோடு மோதினால் குடில் செலவு கட்டாது. மழையில் வயல்காய் வெடிக்கும் நேரத்துக்கு அறுவடை வரும்படி நடுங்கள். தரம் பிரித்துப் பெங்களூரு கடைகளுக்கு நேராகக் கொடுங்கள்.