வெல்டிங் வகுப்பில் பலவிதமான ஆட்கள்: ஒரே பாடத்தை எப்படிப் படிப்பிக்கிறது?

கேள்வி: மாங்குளம் பட்டறை

மாங்குளத்தில பின்னேர ஆர்க் வெல்டிங் வகுப்பு தொடங்குறம். 12 பேர், வயது 19 இலிருந்து 54 வரை. கேற், யன்னல் கிறில் ஒட்டிப் பழகினவை மூண்டு பேர். ஹோல்டரை (வெல்டிங் குச்சியைப் பிடிக்கிற கைபிடி) தொட்டே பாக்காத பெண்கள் ஐஞ்சு பேர். ஒருத்தருக்குக் காது கேக்காது. இடம்பெயர்வில பள்ளிக்கூடம் விட்டதால வாசிக்கக் கஷ்டப்படுறவையும் இருக்கினம். கையேடு எண்டா, "பார்த்துப் படிப்பவர், கேட்டுப் படிப்பவர், செய்து படிப்பவர்" எண்டு பிரிக்கச் சொல்லுது. பிரிச்சு மூண்டு விதமாப் பாடம் எடுக்கிறதோ? மெஷின் இரண்டுதான்.

பதில் 1: கிளிநொச்சி போதனாசிரியர்

பிரிக்காதீர்கள். 2008இல் ஹரோல்ட் பாஷ்லரும் வேறு மூன்று உளவியலாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். ஆளின் பாணிக்கு ஏற்பப் படிப்பித்தால் கூடுதலாகப் பிடிபடும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்பதே அவர்களின் முடிவு. வெல்டிங்கில் அது கண்கூடு. ஆர்க் (குச்சி நுனிக்கும் தகட்டுக்கும் இடையில் எரியும் மின்சுடர்) நீண்டுவிட்டதைக் காது சொல்லும், உருகின இரும்புக் குளத்தைக் கண் பார்க்கும், றொட் (உருகி ஒட்டும் வெல்டிங் குச்சி) குறையக் குறையக் கை இறங்க வேண்டும். எல்லாருக்கும் மூன்றும் வேண்டும்.

முதல் வெல்டிங் கோட்டை நான்கு தடவையாகக் கொடுங்கள். 6 மி.மீ. தகடு, 3.2 மி.மீ. 6013 (றொட்டின் வகை எண்) றொட், 110 அம்பியர். முதல் தடவை நீங்கள் வாய் திறக்காமல் ஒட்டிக் காட்டுங்கள். இரண்டாம் தடவை ஒவ்வொரு அசைவையும் ஏன் என்று சொல்லிக்கொண்டு. மூன்றாம் தடவை அவர்கள் சொல்லச் சொல்ல நீங்கள் செய்யுங்கள். விளங்காத இடம் அங்கேதான் வெளியே வரும். நான்காவது, அவர்கள் கை. பேசிக்கொண்டே ஒட்டிக் காட்டினால் புதியவரின் கண் உங்கள் முகத்துக்கும் குளத்துக்கும் இடையில் அலையும். அதனால்தான் முதல் தடவை பேச்சு வேண்டாம்.

வாசிக்கத் தெரியாதவருக்கும் உதவுவது பிழைப் பலகை. வேண்டுமென்றே 70 அம்பியரில் ஒரு கோடு (தகட்டில் பிடிக்காமல் கயிறு மாதிரி மேலே குவிந்து நிற்கும்), 150 இல் ஒன்று (ஓரம் அரித்து, பொறி சிதறி, தட்டையாக), ஆர்க்கை நீட்டி ஒன்று, விரைவாக இழுத்து ஒன்று, நடுவில் சரியான கோடு. கோட்டின் மேல் படியும் கசடைத் தட்டிச் சுவரில் மாட்டுங்கள். ஒவ்வொருவரும் தன் கோட்டைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்து எது மாதிரி என்று தானே சொல்லட்டும்.

பதில் 2: புதுக்குடியிருப்பு

பழகின மூண்டு பேரைப் பற்றி யோசியுங்கோ. புதுசா வாற ஆளைவிட அவையளைத் திருத்துறதுதான் கஷ்டம். மெல்லிய பைப்பில ஓட்டை விழாமல் விட்டு விட்டு ஒட்டின கை, தடிச்ச தகட்டிலயும் அதையேதான் செய்யும். மேலால வடிவா இருக்கும், அடியில பிடிச்சிராது.

வாயால சொன்னா ஏற்க மாட்டினம். ரீ வடிவில இரண்டு தகட்டை ஒரு பக்கம் மட்டும் ஒட்டச் சொல்லுங்கோ. ஆறினாப் பிறகு ஒட்டில்லாத பக்கத்திலயிருந்து சுத்தியலால அடியுங்கோ. அப்பதான் அடி விரிஞ்சு முறியும். முறிஞ்ச முகத்தில கசடு கறுப்பாத் தெரியும், பிடிபடாத மூலை வெட்டின விளிம்போட அப்படியே நிக்கும். இதை வகுப்புக்கு முன்னால செய்யாதேங்கோ. வயசு போன மனிசன், ஊரில பேர் எடுத்தவர். தனிய வைச்சுச் செய்தா அடுத்த நாள் அவரே திருத்திக்கொண்டு வருவார்.

பதில் 3: வவுனியா

54 வயதுக்காரர் கோட்டை விட்டு விலகிப் போனால் கையைக் குறை சொல்லாதீர்கள். வெள்ளெழுத்தாக இருக்கும். வாசிக்கும் கண்ணாடியை முகக் கவசத்துக்குள் போடச் சொல்லுங்கள். இது ஒன்றாலேயே பலர் "பழக்க முடியாத ஆள்" என்று ஒதுக்கப்படுகிறார்கள். மனது கேட்பதில்லை.

காது கேளாதவருக்கு ஆர்க் சரியாக இருக்கும்போது வரும், எண்ணெயில் வடை பொரிகிற மாதிரியான அந்தச் சீரான சத்தம் கிடைக்காது. பொறியைக் காட்டுங்கள்: ஆர்க் நீண்டால் பெரிய துளிகள் தூரம் தெறிக்கும். கோட்டின் நீளமும் அளவுதான். 3.2 றொட் ஒன்று, 5 செ.மீ. கட்டை விட்டு, 15 முதல் 25 செ.மீ. வரை ஓட வேண்டும். குறைந்தால் மெதுவாகப் போகிறார், கூடினால் விரைவு.

மெஷின் இரண்டு என்பதால் சோடி சோடியாக விடுங்கள். ஒருவர் ஒட்ட, மற்றவர் 10ஆம் நம்பர் கறுப்பு வெல்டிங் கண்ணாடியோடு பார்த்துப் பிழை சொல்ல வேண்டும். காத்திருப்பவர்கள் கரண்ட் இல்லாத ஹோல்டரில் பென்சிலைப் பூட்டி, முழங்கையை விலாவில் அணைத்துக் கோடு இழுக்கலாம். கையைப் பிடித்துக் காட்ட வேண்டி வந்தால் முதலில் கேளுங்கள். பெண்களுக்குப் பெண் சோடி நல்லது.

கேட்டவர்: மாங்குளம் பட்டறை

நன்றி. ஆனா பின்னேரத்தில றொட் அடிக்கடி தகட்டோட ஒட்டுது. புதுசா வந்த ஆக்கள் தங்கட பிழை எண்டு பயப்படுகினம்.

பதில் 2: புதுக்குடியிருப்பு

முதல் வயரைப் பாருங்கோ. மெல்லிய எக்ஸ்ரென்சன் வயர் 30 மீற்றர் போனா மெஷினுக்குப் போற வோல்ற் விழும். பின்னேரம் ஊரெல்லாம் லைற் போடேக்க இன்னும் விழும். மீற்றர் பிடிச்சு, மெஷின் ஓடேக்கயே அளவுங்கோ. அடுத்தது றொட். மாரிக்குள்ள திறந்த பெட்டியில இருந்தா ஈரம் பிடிக்கும். 6013 ஐ 100 பாகை அளவில ஒரு மணித்தியாலம் காயவிட்டு எடுங்கோ. இன்னொண்டு: காலபோக அறுவடைக்கு அரைவாசிப் பேர் வயலில நிப்பினம். ரீ மூட்டுப் பாடத்தைத் தை, மாசியில வைக்காதேங்கோ.