மருந்துகளை வகை பிரிப்பதில் குழப்பம், யாராவது உதவுங்கள்

வணக்கம். நர்சிங் முதலாண்டு படிக்கிறேன், மருந்தியலில் ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். மூளையைத் தூண்டுபவை, மந்தமாக்குபவை, வலியைக் குறைப்பவை என்று விளைவை வைத்துப் பிரிப்பது வரைக்கும் சரி. காஃபீன் தூண்டும், டயஸிபாம் அடக்கும், மார்ஃபீன் ஓபியாய்டு ஏற்பிகளில் (செல்களில் அபின் வகை மருந்துகள் பொருந்தும் இடங்கள்) போய் ஒட்டி வலியைக் குறைக்கும், இதெல்லாம் புரிகிறது.

ஆனால் ஆஸ்பிரினை எங்கே வைப்பது? வலிக்கும் காய்ச்சலுக்கும் கொடுக்கிறார்கள், அதையே தினம் 75 முதல் 100 மில்லிகிராம் என்று குறைந்த அளவில் கொடுத்தால் ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுக்கிறது, உலக சுகாதார நிறுவனத்தின் ஏடிசி என்ற மருந்து வகைப்பாட்டுப் பட்டியலிலேயே அதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட குறியீடு இருக்கிறது. ப்ரோப்ரனலாலும் அப்படித்தான், ரத்த அழுத்தத்துக்கும் அதுதான், ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்கவும் அதுதான், கை நடுக்கத்துக்கும் அதுதான். கெட்டமின் மயக்க மருந்து, அப்புறம் பார்த்தால் மாயத்தோற்றமும் தருகிறதாம்.

விளைவை வைத்துப் படிப்பதா, இல்லை எந்த ஏற்பியில் வேலை செய்கிறது என்பதை வைத்தா? நீங்கள் எப்படிப் படித்தீர்கள்? வெறும் மனப்பாடம் எனக்கு வேண்டாம். நாளைக்கு ஒரு நோயாளியின் மருந்துச் சீட்டில் டயஸிபாமும் மார்ஃபீனும் சேர்ந்து இருந்தால், மூச்சு ஆபத்தான அளவுக்குக் குறையலாம் என்பது உடனே உறைக்க வேண்டும். அட்டவணை, கைக்குறிப்பு எது இருந்தாலும் பகிருங்கள்.