புதுப்பிப்பு: தங்கச்சி கல்யாண வீடியோ ஒரு வழியா ஹெச்டியாவே ஓடிருச்சு

போன வாரம் கேட்டிருந்தேன்ல, தங்கச்சி கல்யாண வீடியோ ஃபுல் ஹெச்டில இருக்கு, டிவிடில போட்டா மட்டும் ஏன் மங்கலா தெரியுதுன்னு. தப்பு என் மேலதான், சாஃப்ட்வேர்ல "டிவிடி வீடியோ"ன்னு கொடுத்தா அது எல்லாத்தையும் 720க்கு 576 பிக்சல் எம்பெக்-2வா (டிவிடியோட பழைய வீடியோ ஃபார்மேட்) சுருக்கிடும், அப்புறம் ஃபுல் ஹெச்டியோட 1080 எங்கேருந்து வரும்.

இங்க ஒருத்தர் சொன்ன மாதிரி டிஎஸ்மக்ஸர்ங்கற சாஃப்ட்வேர்ல ஏவிசிஹெச்டி (சாதா டிவிடிலயே ஹெச்டி வீடியோ போட உதவுற ஃபார்மேட்) செலக்ட் பண்ணி, வந்த பிடிஎம்வி ஃபோல்டரை (ப்ளூரே டிஸ்க்ல இருக்கற மாதிரி ஃபோல்டர்) இம்க்பர்ன்ங்கற டிஸ்க் எழுதுற சாஃப்ட்வேர்ல யுடிஎஃப் (டிஸ்க்ல ஃபைல்களை அடுக்குற முறை) 2.50 வெச்சு சாதா டிவிடில எழுதுனேன். முதல் டிஸ்க் வேஸ்ட், யுடிஎஃப்பை 1.02லயே விட்டுட்டேன், ப்ளேயர் சும்மா சுத்திக்கிட்டே இருந்துச்சு. பிட்ரேட்டும் (ஒரு செகண்டுக்கு ஓடுற டேட்டா அளவு) 18 எம்பிபிஎஸ் தாண்டக்கூடாதாம், நான் 17கிட்ட வெச்சேன், 4.7 ஜிபி டிவிடில சுமாரா 35 நிமிஷம்தான் புடிச்சுது, மொத்தம் நாலு டிஸ்க் ஆச்சு.

ஆனா பாக்கணுமே, தாலி கட்டுறப்ப விழுற அட்சதை ஒவ்வொண்ணா தெரியுது, அம்மா ரெண்டு தடவை ரீவைண்ட் பண்ணச் சொன்னாங்க. ஒரே வம்பு, ஏவிசிஹெச்டி படிக்கிற ப்ளூரே ப்ளேயர்லதான் ஓடும், மாமா வீட்டு பழைய டிவிடி ப்ளேயர் டிஸ்கை அப்படியே வெளிய துப்பிடுச்சு. அவருக்கு அந்த மங்கல் டிவிடியையே குடுத்துட்டேன், இன்னும் ஒண்ணும் சொல்லல.