டீன் ஜோன்ஸ் சேப்பாக்கத்தில் வாந்தி எடுத்துக்கொண்டே 200 அடித்தது உண்மையா? மதுரைப் பக்கம் ஞாபகம் இருப்பவர்கள் சொல்லுங்கள்

அவனியாபுரம் லெஃப்ட் ஆர்ம் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். செப்டம்பர் வந்தாலே எங்கள் சித்தப்பா ஆரம்பித்துவிடுவார். "ஒரு ஆஸ்திரேலியாக்காரன் மெட்ராஸ் வெயில்ல வாந்தி எடுத்துக்கிட்டே டபுள் செஞ்சுரி போட்டான்டா. நீங்க நாலு ஓவர் ஆடிட்டு நிழலைத் தேடுறீங்க." டீன் ஜோன்ஸைத்தான் சொல்கிறார். எனக்கு வயது 24. ஜோன்ஸை டிவியில் கமென்ட்டரி பேசுபவராக மட்டுமே தெரியும். 2020 ஐபிஎல் சமயத்தில் மும்பை ஓட்டலில் மாரடைப்பு வந்து இறந்தார் என்று படித்திருக்கிறேன்.

இரண்டு சந்தேகம். சித்தப்பா சொல்வதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு மசாலா? அப்புறம், ஷேன் வார்ன் இறந்தபோது எங்கள் தெருமுனையில் ஃப்ளெக்ஸே வைத்தார்கள். ஜோன்ஸுக்கு யாரும் ஒன்றும் செய்த மாதிரித் தெரியவில்லையே, ஏன்? விக்கிபீடியா இணைப்பு வேண்டாம், அதைப் படித்துவிட்டேன். அந்தக் காலத்தில் பார்த்தவர்கள், கேட்டவர்கள் எழுதுங்கள்.

செல்லூர்த் தறி:

தம்பி, உன் சித்தப்பா மசாலாவை அளவாகத்தான் போட்டிருக்கிறார்.

1986-இல் நான் செல்லூரில் ஒரு தறிக்கூடத்தில் துண்டு நெய்துகொண்டிருந்தேன். எங்கள் யார் வீட்டிலும் டிவி கிடையாது. கூடத்தில் ஒரு டிரான்சிஸ்டர் உண்டு. கீழே வைத்தால் பஞ்சு அடைத்துக்கொள்ளும் என்று உத்தரத்தில் நூல் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டிருப்போம். சேப்பாக்கத்தில் டெஸ்ட் என்றால் தமிழ் வர்ணனை வரும். அப்துல் ஜப்பார், கூத்தபிரான், ராமமூர்த்தி, இவர்கள் குரலில்தான் எங்களுக்குக் கிரிக்கெட்டே அறிமுகம்.

கைத்தறிதான் என்றாலும் வரிசையாக எல்லோரும் நெய்தால் ரேடியோ சத்தம் காதில் விழாது. அதனால் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. பவுலர் ஓடிவரத் தொடங்கினால் எல்லோரும் மிதியிலிருந்து காலை எடுத்துவிடுவோம். பந்து முடிந்ததும் சடக் சடக்கென்று நாடா ஓடும். கபில்தேவ் போட்டால் அவர் திரும்பி நடந்து போகும் நேரத்தில் நாலு இழை ஓட்டிவிடலாம். சுழற்பந்து என்றால் முதலாளிக்கு நஷ்டம், அடுத்த பந்து உடனே வந்துவிடும். உன் சித்தப்பா சொல்லும் அந்த இந்தியா-ஆஸ்திரேலியா டெஸ்ட்டிலோ நம் பக்கம் யாதவ், மணிந்தர், சாஸ்திரி என்று மூன்று பேர் மாற்றி மாற்றிப் போட்டார்கள். அந்த வாரம் எங்கள் கூடத்தில் துண்டு குறைந்ததற்கு டீன் ஜோன்ஸும் ஒரு காரணம்.

முதல் நாள் டேவிட் பூன் 122 அடித்தார். ஜோன்ஸ் மாலையில் 56 நாட் அவுட். எங்களுக்கு பார்டரைத் தெரியும், பூனைக் கொஞ்சம் தெரியும், இந்த ஜோன்ஸ் யாரென்றே தெரியாது. அவருக்கு அது மூன்றாவது டெஸ்ட்தான். முதல் இரண்டும் 1984-இல் வெஸ்ட் இண்டீஸில்.

இரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை. வர்ணனையில் அடிக்கடி ஆட்டம் நின்றது. தண்ணீர் வருகிறது, ஜோன்ஸ் குனிந்து நிற்கிறார், திரும்பவும் தண்ணீர் வருகிறது. எங்கள் மேஸ்திரி "நடிக்கிறான்டா" என்றார். ஆனால் ஸ்கோர் மட்டும் ஏறிக்கொண்டே போனது. மறுநாள் டீக்கடைப் பேப்பரில்தான் முழு விவரமும் தெரிந்தது. கை கால் தசையெல்லாம் பிடித்து இழுத்திருக்கிறது, ஆடுகளத்தின் ஓரத்திலேயே பலமுறை வாந்தி, 210-இல் அவுட் ஆனதும் ஆஸ்பத்திரி, சலைன். பேப்பரைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்ட முதலாளியின் அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்தப் பிள்ளைக்கு உப்புப் போட்டு ஒரு சொம்பு நீராகாரம் குடுக்க அங்க ஆளே இல்லையா?"

பார்டர் கதை பிறகுதான் எங்கள் காதுக்கு வந்தது. 170 வாக்கில் ஜோன்ஸ் முடியவில்லை, போகிறேன் என்கிறார். எதிர்முனையில் கேப்டன் பார்டர். சரி போ, எனக்கு உறுதியான ஆள் வேண்டும், ஒரு குயின்ஸ்லாந்துக்காரனைக் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்கிற மாதிரி சொன்னாராம். அடுத்து இறங்க வேண்டிய கிரெக் ரிச்சி குயின்ஸ்லாந்து, பார்டரும் குயின்ஸ்லாந்து, ஜோன்ஸ் விக்டோரியா. மதுரைக்காரன் ஒருத்தன் தள்ளாடி நிற்கும்போது "நீ விடுப்பா, திருநெல்வேலிக்காரனை இறக்கிக்கிறேன்" என்றால் அவன் போவானா? போகமாட்டான். செத்தாலும் போகமாட்டான்.

இதை எல்லோரும் வீரக்கதையாகச் சொல்கிறார்கள். ஜோன்ஸும் ஆயுசு முழுக்கச் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு மட்டும் அந்த இடம் உறுத்தும். வெயிலில் சுருண்டு விழப்போகிறவனை ரோஷம் கிளப்பி நிற்க வைப்பதை நான் வேலை செய்த இடங்களில் நிறையப் பார்த்திருக்கிறேன். எங்கள் ஆட்களுக்கு அதற்காக யாரும் பேப்பரில் எழுதவில்லை.

எனக்குப் பிடித்த ஜோன்ஸ் ஒருநாள் ஆட்டக்காரர். 164 ஆட்டம், 6068 ரன், சராசரி 44.61. இன்றைக்கு அந்த எண் பெரிதாகத் தெரியாது. 230 அடித்தாலே ஜெயித்துவிட்டோம் என்று நினைத்த காலம் அது. வேகப்பந்துக்கு இறங்கி வந்து ஆடுவார். ஒரு ரன் இருக்கிற இடத்தில் இரண்டு எடுப்பார். டீப்பில் நிற்பவன் பந்தை எடுத்து நிமிர்வதற்குள் இரண்டாவதுக்குப் பாதி தூரம் வந்திருப்பார். நாங்கள் தண்ணீர் இல்லாத வைகைக்குள் ஆடியவர்கள். அந்த மணலில் ஒரு ரன் ஓடினாலே கெண்டைக்கால் கழன்றுவிடும், அதனால் நாலும் ஆறும்தான் கணக்கு. ஜோன்ஸை டிவியில் பார்த்த பிறகு மணலில் இரண்டு ஓடச் சொல்லி எங்கள் கேப்டன் உயிரை எடுத்தார்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் சுலபம். ஜோன்ஸ் இறந்தது 2020 செப்டம்பர் 24, வியாழக்கிழமை. அந்த டெஸ்ட் இரண்டு பக்கமும் ஸ்கோர் சமமாகி டையில் முடிந்து சரியாக 34 வருடமும் இரண்டு நாளும். வயது 59. கூட இருந்த ஆஸ்திரேலிய முன்னாள் பவுலர் பிரெட் லீ நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்தும் காப்பாற்ற முடியவில்லை. செய்தி கேட்டு, பழைய தறிக்காரர்கள் இரண்டு பேருக்குப் போன் போட்டுப் பேசினேன். மறுநாள் வெள்ளி மதியம் எஸ்.பி.பி. போய்விட்டார். அதற்கப்புறம் தமிழ்நாட்டில் யாருக்கு யார் நினைவு? டிவியைத் திறந்தால் அவர், டீக்கடையில் அவர், பக்கத்து வீட்டுச் செல்போனில் அவர். நானும் அன்றைக்கு அந்தப் பாட்டுகளைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஃப்ளெக்ஸ் வைக்காததற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

அந்த வருடம் டிசம்பரில் அப்துல் ஜப்பாரும் காலமானார். எனக்கு அந்த 210-ஐக் காட்டிய குரல்களில் ஒன்று.

திருமங்கலம் கேலரி:

செல்லூர் அண்ணே, உங்கள் மேஸ்திரியைக் கொண்டுவந்து எங்கள் பக்கத்தில் உட்கார வைத்திருக்க வேண்டும். நான் அந்த வெள்ளிக்கிழமை சேப்பாக்கத்தில் இருந்தேன்.

பாண்டியன் எக்ஸ்பிரஸ், அப்போது மீட்டர்கேஜ், எழும்பூரில் காலையில் இறங்கி நேராக ஸ்டேடியம். மலிவு டிக்கெட், வெறும் சிமென்ட் படி. பத்து மணிக்கே படியில் உட்கார முடியவில்லை, பேப்பரை மடித்துப் போட்டுக்கொண்டோம். காற்று நின்றால் பக்கிங்காம் கால்வாய் நாற்றம் அப்படியே மேலே வந்து உட்காரும். சும்மா உட்கார்ந்திருந்த எங்களுக்கே சட்டை பிழிகிற மாதிரி இருந்தது.

தூரத்திலிருந்து முகம் தெரியாது. ஓவர் முடிந்ததும் ஜோன்ஸ் ஓரமாகப் போய் முழங்காலைப் பிடித்துக் குனிவார். முதல் தடவை எங்கள் பக்கம் சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் ஓடுவதையே விட்டுவிட்டார், நின்ற இடத்திலிருந்து வீசுவார், பட்டால் பவுண்டரி. மொத்தம் 27 நாலு, 2 ஆறு. டீக்குப் போனபோது 200 தாண்டியிருந்தது. உள்ளே ஐஸ் தண்ணீரில் இறக்கி எழுப்பி அனுப்பினார்களாம். திரும்பி வந்து யாதவிடம் போல்டு. 120-க்கு மேல் நடந்தது பெரிதாக ஞாபகமே இல்லை என்று அவரே பிறகு சொல்லியிருக்கிறார். எனக்கு இருக்கிறது. எங்கள் ஆளை அடித்தவனுக்கு மொத்த கேலரியும் எழுந்து கை தட்டியது.

கடைசி நாள் வரை இருக்கக் காசில்லை, சனிக்கிழமையே ஊர் திரும்பிவிட்டேன். டையை ரேடியோவில்தான் கேட்டேன். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் இருக்கிறது.

வார்டு அக்கா:

ஓய்வு பெற்ற செவிலியர் நான். கிரிக்கெட் எங்கள் வீட்டுக்காரர் இலாகா, ஆனால் இந்தப் பகுதி என் இலாகா.

மதுரை வெயிலும் மெட்ராஸ் புழுக்கமும் ஒன்றில்லை. இங்கே காற்று வறண்டது, வியர்வை காய்ந்துவிடும், காயும்போது உடம்பு குளிரும். கடலோரத்தில் காற்றிலேயே ஈரம் அதிகம், வியர்வை காயாது, வழிந்துகொண்டே இருக்கும். உடம்புச் சூடும் இறங்காது, உப்பும் போய்க்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் வெறும் தண்ணீரை மட்டும் குடித்தால் இருக்கிற உப்பும் நீர்த்துப்போகும். தசை இழுக்கும், குமட்டும், பேச்சு குழறும். அவருக்கு நினைவு மங்கியது என்று எழுதியிருக்கிறீர்களே, அது உயிருக்கு ஆபத்தான கட்டம். அந்த முதலாளி அம்மா சொன்னதுதான் சரியான வைத்தியம். உங்கள் டீம் பையன்கள் மே மாதம் டோர்னமென்ட் ஆடும்போது உப்பு-சர்க்கரைக் கரைசல் கொண்டுபோகச் சொல்லுங்கள். குழறிப் பேசினால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், 200 அப்புறம் அடிக்கலாம்.

காஜிமார் தெரு ஓபனர்:

எல்லாம் சரி. ஒன்றை மட்டும் யாரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். 2006-இல் மைக் அணைந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு தென்னாப்பிரிக்க வீரர் ஹாஷிம் ஆம்லாவை "பயங்கரவாதி" என்றார் இதே ஜோன்ஸ். தாடி வைத்திருந்ததைத் தவிர ஆம்லா செய்த குற்றம் ஒன்றுமில்லை. சேனல் வேலையை விட்டு அனுப்பியது, ஜோன்ஸ் மன்னிப்புக் கேட்டார். எங்கள் வீட்டில் அன்றைக்கு வாப்பா டிவியை அணைத்துவிட்டு எழுந்து போனது எனக்கு ஞாபகம் இருக்கிறது. வாப்பாவும் 86-இல் அந்த 210-ஐக் கொண்டாடியவர்தான்.

பிறகு அதே மனிதர் பாகிஸ்தான் லீகில் இஸ்லாமாபாத் அணிக்குக் கோச்சாகப் போய் 2016, 2018 இரண்டு முறை கோப்பை வாங்கிக் கொடுத்தார். அங்கே பையன்கள் அவர்மேல் உயிராக இருந்தார்கள். இரண்டையும் சேர்த்துத்தான் அவரைப் பற்றிப் பேச வேண்டும்.

எல்லீஸ் நகர் ஸ்கோர்புக்:

சகோ சொன்னது சரி, விட்டுவிடக் கூடாததுதான்.

என் பங்குக்கு ஒரு எண். ஆஸ்திரேலியாவில் டெஸ்ட் ஆடுபவர்களுக்கு வரிசை எண் உண்டு, ஜோன்ஸுடையது 324. முதல்தர ஆட்டத்தில் விக்டோரியாவுக்காக அவர் எடுத்த அதிகபட்சம் 324 நாட் அவுட். 2020 பாக்ஸிங் டே டெஸ்ட்டில், மெல்போர்னில், பிற்பகல் 3.24-க்கு அவர் மனைவியும் மகள்களும் பார்டரும் அவருடைய தொப்பி, பேட், கண்ணாடியைக் கொண்டுவந்து ஸ்டம்பில் வைத்தார்கள். ரஹானே கேப்டனாக நாம் ஜெயித்த டெஸ்ட் அது. 52 டெஸ்ட், 11 சதம், சராசரி 46.55. இவ்வளவு வைத்திருந்தவரை 1992-க்குப் பிறகு ஏன் டெஸ்ட்டில் எடுக்கவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் புரியவில்லை.

இன்னொன்று: அடுத்த வருடமே, 1987 உலகக் கோப்பையில், அதே சேப்பாக்கத்தில் மணிந்தர் பந்தை ஜோன்ஸ் தூக்கி அடித்தார். நாலு என்றார்கள். இடைவேளையில் பேசி கபில் ஒத்துக்கொள்ள, ஆறாக மாற்றினார்கள். 268 என்றிருந்தது 270 ஆனது. நாம் 269. ஒரு ரன்னில் தோற்றோம்.

அவனியாபுரம் லெஃப்ட் ஆர்ம்:

எல்லோருக்கும் நன்றி. நான் ஏதோ இரண்டு வரி வரும் என்று நினைத்தேன். முழுவதையும் சித்தப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். செல்லூர் ஐயா எழுதிய தறி விஷயத்துக்குத் தலையாட்டினார், ஓபனர் அண்ணன் எழுதியதற்குக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் ஒரு கேள்வி கேட்கச் சொன்னார்: அந்த 86 டெஸ்ட்டில் கடைசி விக்கெட், பந்து காலில் பட்டது என்று மணிந்தருக்கு எல்பி கொடுத்தது அவுட்டா இல்லையா?

செல்லூர்த் தறி:

சித்தப்பாவுக்கு என் வணக்கம் சொல்லு. கடைசி ஓவரில் நாம் ஜெயிக்க நாலு ரன் வேண்டும். ஆஸ்திரேலிய சுழற்பந்துக்காரன் மேத்யூஸ் அந்த வெயிலிலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போடுகிறான். சாஸ்திரி இரண்டு எடுத்தார், பிறகு ஒன்று, ஸ்கோர் சமம். சாஸ்திரி அந்த ஒன்றை எடுத்து மணிந்தரை முன்னால் விட்டிருக்க வேண்டுமா என்று எங்கள் கூடத்தில் அடிதடி வரை போனது. ஐந்தாவது பந்து, அம்பயர் விக்ரம்ராஜு கை தூக்கினார். பேட்டில் பட்டது என்று மணிந்தர் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார். விக்ரம்ராஜு அதற்குப் பிறகு டெஸ்ட்டில் அம்பயராக நிற்கவே இல்லை.

என்னைக் கேட்டால் பட்டது.

திருமங்கலம் கேலரி:

படவில்லை அண்ணே.

செல்லூர்த் தறி:

நீங்கள்தான் சனிக்கிழமையே ஊருக்கு வந்துவிட்டீர்களே! தம்பி, இதற்குத் தனியாக ஒரு பக்கம் ஆரம்பி, ஜோன்ஸ் பக்கத்தில் வேண்டாம்.