லிட்டருக்கு ஒரு ஸ்பூனா, ஒன்றரையா?

மாடிவீட்டு மயில் (மயிலாப்பூர்):
நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. பெயர் வேண்டாம், அவருக்கே தெரியும். பின்வழி உறவுக்கு முன்னால் ஒரு லிட்டர் சோப்புத் தண்ணீரை மூன்று தடவை உள்ளே ஏற்றி இறக்க வேண்டுமாம். கடைசித் தடவை நாலு சொட்டு டெட்டால் வேறு. அது உடம்பா, ஆஸ்பத்திரி வராந்தாவா?

நானும் என் துணைவரும் ஆறு வருடமாகச் சேர்ந்து வாழ்கிறோம். பட்டுத் தெரிந்துகொண்டதையும் டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன். மலக்குடல் 12 முதல் 15 செ.மீ. நீளம்தான். மலம் பெரும்பாலும் அதற்கு மேலே, பெருங்குடலின் வளைவில் தங்கும். காலையில் வயிறு ஒழுங்காகப் போயிருந்தால், வெளிப்பக்கம் மட்டும் நன்றாகக் கழுவினாலே பல பேருக்குப் போதும். மனம் ஒப்பவில்லையா, சின்ன ரப்பர் பல்பில் வெதுவெதுப்பான குடிதண்ணீர், 100 அல்லது 150 மில்லி, ஒன்றிரண்டு தடவை. ஒரு மணி நேரம் முன்னதாகவே முடித்துவிட வேண்டும். லிட்டர் கணக்கில் ஏற்றினால் தண்ணீர் வளைவுக்கு மேலே போய் ஒளிந்துகொண்டு, வேண்டாத நேரத்தில் இறங்கும். சோப்பு உள்ளே போகவே கூடாது. அடிக்கடி கழுவுகிறவர்கள் லிட்டருக்கு ஒரு ஸ்பூன் உப்பு சேர்க்கலாம். அவ்வளவுதான்.

தண்டையார்பேட்டை சிஸ்டர்:
ஒரு ஸ்பூன் இல்லை, ஒன்றரை ஸ்பூன். லிட்டருக்கு 9 கிராம். கையில் ஏற்றுகிற சலைன் பாட்டிலிலும் இதே கணக்குதான், 0.9 சதவீதம். ஒரு டீஸ்பூன் உப்பு 6 கிராம். நீங்கள் சொல்வது சலைனே இல்லை. 31 வருட சர்வீஸ், ஓய்வு பெற்ற நர்ஸ் சொல்கிறேன்.

மாடிவீட்டு மயில்:
சிஸ்டர், நான் சலைன் என்ற வார்த்தையையே எழுதவில்லை.

தண்டையார்பேட்டை சிஸ்டர்:
எழுதாவிட்டால் என்ன, நினைத்துத்தானே உப்பு போடச் சொன்னீர்கள்? இல்லையென்றால் ரசத்துக்கா?

வேளச்சேரி மெடிக்கல்காரன்:
எங்கள் ஏரியாவில் இந்தப் பிரச்சினையே இல்லை. போர் தண்ணீரைப் பிடித்தால் உப்பு அதிலேயே இருக்கிறது :) சிஸ்டர் வந்து அளந்து பார்க்கலாம். இதற்கெல்லாம் எதற்கு ஸ்பூன் கணக்கு? கடையில் ரெடிமேட் இனிமா பாட்டில் 100 மில்லி வருகிறது. மூடியைத் திருகினோமா, போட்டோமா, முடிந்ததா. 18 வருடமாகக் கடை வைத்திருக்கிறேன், ஒரு கம்ப்ளெயின்ட் வந்ததில்லை.

தண்டையார்பேட்டை சிஸ்டர்:
எப்படி வரும்? அதைப் பற்றி உங்கள் கடை வாசலில் நின்று சத்தமாகப் பேச யாருக்குத் தைரியம்? அந்தப் பாட்டிலில் இருப்பது பாஸ்பேட் உப்பு. அடர்த்தி அதிகம். குடலின் உட்சவ்விலிருந்து தண்ணீரை இழுத்து, சவ்வை உரித்து வைக்கும். மலச்சிக்கலுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்து எப்போதாவது போடுவது வேறு, உறவுக்கு முன்னால் வாராவாரம் போடுவது வேறு. உரிந்த சவ்வில் தொற்று சுலபமாக ஏறும். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு ரத்தத்தில் பாஸ்பேட் ஏறி உயிருக்கே ஆபத்து. இதெல்லாம் தெரியாமல்தான் போன மாதம் மாத்திரை அட்டையில் எக்ஸ்பைரி தேதி இருக்கும் பக்கத்தை வெட்டி வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தருவது நியாயம் என்று வாதாடினீர்கள்.

வேளச்சேரி மெடிக்கல்காரன்:
அட்டை விஷயத்தை இங்கே எதற்கு இழுக்கிறீர்கள்? பாதி அட்டை கேட்பது நீங்கள், வெட்டிக் கொடுத்தால் நான் குற்றவாளி. சரி, விடுங்கள். உங்கள் கணக்கே தப்பு. டீஸ்பூன் 5 மில்லி, அதனால் உப்பு 5 கிராம். ஒன்றரை ஸ்பூன் என்றால் ஏழரைதான் வருகிறது. ஏழரை எங்கே, ஒன்பது எங்கே?

தண்டையார்பேட்டை சிஸ்டர்:
உங்களுக்கு ஏழரை பிடித்திருக்கிறது என்பது தெரிகிறது. 5 மில்லி தண்ணீர்தான் 5 கிராம். உப்பு தண்ணீரைவிடக் கனம், அதனால் 6. பத்தாம் வகுப்புப் பாடம்.

தாம்பரம் லோக்கல்:
ஒரு சந்தேகம். நான் திருமணமான பெண். கணவர் கேட்கிறார், எனக்கும் விருப்பம்தான், ஆனால் பயமாக இருக்கிறது. கழிவறையில் இருக்கும் ஹெல்த் ஃபாசெட்டையே உள்பக்கம் காட்டிக் கழுவலாமா? அப்புறம், இனிமா என்பதும் நீங்கள் சொல்லும் பல்பும் ஒன்றா?

மாடிவீட்டு மயில்:
ஃபாசெட் வேண்டாம் தோழி. அதன் வேகத்தை நம்மால் கட்டுப்படுத்த முடியாது, உள்ளே கிழிக்கலாம். மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரில் கையையே காட்ட முடியாது, அங்கே காட்டுவதா? புறங்கையில் ஊற்றிப் பார்த்துவிட்டுத்தான் பல்பில் நிரப்ப வேண்டும். நுனியில் வழுக்கும் ஜெல் தடவுங்கள். மூலம், வெடிப்பு, ரத்தக் கசிவு ஏதாவது இருந்தால் கழுவவும் வேண்டாம், உறவும் வேண்டாம், முதலில் டாக்டர். முக்கியமாக, அங்கிருந்து முன்பக்கம் மாறுவதென்றால் புதுக் காண்டம். இல்லையென்றால் சிறுநீர்த் தொற்று உங்களுக்குத்தான் வரும், அவருக்கு இல்லை.

சித்தவழிச் செல்வன்:
எல்லாரும் வெள்ளைக்காரன் பல்பையே பிடித்துத் தொங்குகிறீர்கள். நம் சித்த மருத்துவத்தின் புறமருத்துவ முறைகளில் பீச்சு என்றே ஒன்று இருக்கிறது. நாலு மாதத்துக்கு ஒருமுறை பேதிக்குச் சாப்பிட வேண்டும் என்று முன்னோர்கள் எழுதி வைத்தார்கள். முதல் நாள் இரவு விளக்கெண்ணெய் குடித்தால் மறுநாள் குடல் கண்ணாடி மாதிரி இருக்கும். வழுவழுப்புக்குத் தேங்காய் எண்ணெய். இயற்கை.

தண்டையார்பேட்டை சிஸ்டர்:
நாலு மாதத்துக்கு ஒருமுறைதான் உறவு என்றால் உங்கள் யோசனை சரி தம்பி.
பேதிக்குச் சாப்பிட்டால் மறுநாள் வயிற்றுப் பிடிப்பு, தண்ணீர்ச் சத்துக் குறைவு, எப்போது வரும் என்று தெரியாத அவசரம். அந்த நிலையில் யாருக்கு ஆசை வரும்? தேங்காய் எண்ணெய் லேட்டக்ஸ் காண்டத்தை இளக்கிக் கிழித்துவிடும். தண்ணீரில் கரையும் ஜெல் அல்லது சிலிகான் ஜெல்தான். விளக்கெண்ணெய் என்று நம் ஊரில் சும்மாவா திட்டுகிறார்கள்?

சித்தவழிச் செல்வன்:
தனிநபர்த் தாக்குதல். நிர்வாகி கவனிக்க.

அண்ணாநகர் குடும்பஸ்தன்:
இப்படிப்பட்ட விஷயங்களைப் பொதுவெளியில் பேசுவது நம் பண்பாடா? இது சட்டப்படியே குற்றம், தண்டனைச் சட்டப் பிரிவு 377.

மாடிவீட்டு மயில்:
2018 செப்டம்பர் 6-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது. வயது வந்தவர்கள் சம்மதத்தோடு தனிமையில் செய்வது குற்றம் இல்லை. அதற்கு முன்னால் அந்தப் பிரிவு புருஷன் பெண்டாட்டியையும் விட்டுவைக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியுமா? செய்தித்தாள் நின்றுவிட்டதா சார்?

அண்ணாநகர் குடும்பஸ்தன்:
சட்டம் விட்டாலும் மனசாட்சி விடாது. இருக்கட்டும், நான் விவாதத்துக்கு வரவில்லை. சிஸ்டர் சொன்ன 6 கிராம் தூள் உப்புக்கா, கல்லுப்புக்கா?

வேளச்சேரி மெடிக்கல்காரன்:
ஆ! சரியான கேள்வி. சிஸ்டர் வீட்டில் என்ன உப்பு?

தண்டையார்பேட்டை சிஸ்டர்:
தூள் உப்புக்குத்தான். கல்லுப்பில் கட்டிக்கு நடுவே இடைவெளி இருக்கும், அதே ஸ்பூனில் எடை குறையும். அதனால்தான் ஆரம்பத்திலேயே 9 கிராம் என்று எடையைச் சொன்னேன். யார் படிக்கிறார்கள்?

சோப்புக்கார ராஜா:
நேற்று எழுதியவன் நான்தான். பெயர் சொல்லவே வெட்கப்படும் அளவுக்கு நான் என்ன செய்துவிட்டேன்? என் அம்மாவுக்குப் பிரசவ வார்டில் சோப்புத் தண்ணீர் இனிமாதான் கொடுத்தார்கள். கொடுத்தது யார்? நர்ஸ். சிஸ்டர் பதில் சொல்லட்டும்.

தண்டையார்பேட்டை சிஸ்டர்:
கொடுத்தோம். நானே கொடுத்திருக்கிறேன், கேன் தூக்கிக் கை கடுத்திருக்கிறது. 1996-ல் உலக சுகாதார நிறுவனம் பிரசவத்தில் எல்லாருக்கும் இனிமா கொடுக்கும் பழக்கத்தையே கைவிடச் சொல்லிவிட்டது. சோப்பு குடல் சவ்வை அரிக்கும், பெருங்குடலில் புண் வந்தவர்கள் உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்தது 1986. இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றை இதே சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழு கண்டுபிடித்த வருடம். அன்று வார்டில் கையுறை கேட்டால் முறைப்பார்கள். அதிலிருந்து கற்றுக்கொண்டு வந்தவள் நான். நீங்கள் உங்கள் அம்மாவின் பிரசவத்திலேயே நிற்கிறீர்கள்.

சோப்புக்கார ராஜா:
அப்போது சரி, இப்போது தப்பா? நாளைக்கு உப்பும் தப்பு என்பீர்கள். எனக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லை.

மாடிவீட்டு மயில்:
ஆகும்வரை யாருக்கும் ஆவதில்லை. டெட்டாலையாவது விட்டீர்களா, அதைச் சொல்லுங்கள்.

சோப்புக்கார ராஜா:
இரண்டு சொட்டாகக் குறைத்திருக்கிறேன்.

புரசைவாக்கம் தன்னார்வலர்:
இத்தனை உப்புச் சண்டையில் ஒன்று விட்டுப் போகிறது. எவ்வளவு கழுவினாலும் நோய் தடுக்காது, அளவுக்கு மீறிக் கழுவினால் வாய்ப்பு கூடும். நகம் வெட்டுங்கள். பல்பை அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள். மரத்துப்போகும் ஜெல் வேண்டாம், வலிதான் எச்சரிக்கை. காண்டம் கிழிந்து எச்.ஐ.வி. பயம் வந்தால் 72 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பு மாத்திரை கேளுங்கள், எவ்வளவு சீக்கிரம் போகிறீர்களோ அவ்வளவு நல்லது. எச்.ஐ.வி. பரிசோதனை, அரசின் நம்பிக்கை மையத்தில் இலவசம். இலவச உதவி எண் 1097.

வேளச்சேரி மெடிக்கல்காரன்:
அது சரி. சிஸ்டர், போர் தண்ணீரில் ஏற்கனவே உப்பு இருந்தால் அதைக் கழித்துவிட்டுத்தானே 9 கிராம்?

தண்டையார்பேட்டை சிஸ்டர்:
போர் தண்ணீரை யார் உள்ளே விடச் சொன்னது? குடிக்கிற தண்ணீர் என்று அந்தத் தம்பி முதலிலேயே எழுதியிருக்கிறார். அந்த ஒரு வரியை மட்டும் ஒழுங்காக எழுதினார்.

வேளச்சேரி மெடிக்கல்காரன்:
2019 ஜூனில் ஏரி எல்லாம் காய்ந்து, குடிக்கவே லாரிக்குக் குடத்தோடு நின்ற ஊர் இது. கேன் தண்ணீரை வாங்கி அங்கே ஊற்றச் சொல்கிறீர்கள். தண்டையார்பேட்டையில் வசதி அதிகம் போலிருக்கிறது.

தண்டையார்பேட்டை சிஸ்டர்:
150 மில்லி. ஒரு டம்ளர்கூட வராது. நீங்கள் டீயில் விடும் தண்ணீரைவிடக் குறைவு.

தாம்பரம் லோக்கல்:
இனிமாவும் பல்பும் ஒன்றா என்று கேட்டிருந்தேன்...

சித்தவழிச் செல்வன்:
அது இனிமா இல்லை, எனிமா. தமிழில் பீச்சு.

அண்ணாநகர் குடும்பஸ்தன்:
நகைத் தராசு இருக்கும் நண்பர் ஒருவரிடம் கேட்டு ஒரு ஸ்பூன் தூள் உப்பை நிறுத்துப் பார்த்தேன். 7.8 கிராம் வருகிறது. எதற்கு என்று அவரிடம் சொல்லவில்லை.

வேளச்சேரி மெடிக்கல்காரன்:
பாருங்கள்! ஐந்தும் இல்லை, ஆறும் இல்லை.

தண்டையார்பேட்டை சிஸ்டர்:
குவித்து எடுத்திருப்பார். தலை தட்டினீர்களா சார்? தட்டிவிட்டு மறுபடி நிறுங்கள்.