மூளையைச் சுற்றி நீர் தேங்கிய எங்கள் பிள்ளைகள்: எப்போது ஊசி, எப்போது குழாய்?

மல்லாவி அம்மா:

என் மகனுக்கு நான்காம் மாதத்தில் மூளைக்காய்ச்சல் வந்தது. மருந்து ஏற்றிச் சுகமாகி வீட்டுக்கு வந்தோம். பால் குடித்தான், சிரித்தான். ஆனால் தொப்பி மட்டும் இறுகிக்கொண்டே போனது. குடும்பநல மாது தலையைச் சுற்றி நாடா பிடித்து அளந்து, பிள்ளையின் கொப்பியில் புள்ளி வைத்தார். பழைய புள்ளிகள் ஒரே கோட்டோடு ஓடின, புதியது இரண்டு கோடு தாண்டி மேலே நின்றது. அந்த வயதில் மாதத்துக்கு 1 சென்ரிமீற்றர் அளவில்தான் தலை வளருமாம். உச்சிக்குழியும் புடைத்திருந்தது. அன்றே கிளிநொச்சிக்குக் கடிதம் தந்தார். அவருக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவள்.

உச்சிக்குழி மூடாத வயது என்பதால் அதன் வழியாகவே முதல் ஸ்கான், பிறகு சி.ரி. மூளைக்கும் அதன் வெளி உறைக்கும் இடையில் இரு பக்கமும் நீர். கொஞ்சமாக இருந்தால் தானாக வற்றிவிடும், பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று யாழ்ப்பாணத்தில் டொக்டர் சொன்னார். இவன் சத்தி எடுக்கத் தொடங்கியதால் காத்திருக்க முடியவில்லை.

முதலில் ஊசி. உச்சிக்குழியின் ஓரத்தால் போட்டு, நீரை உறிஞ்சி இழுக்காமல் தானாகச் சொட்ட விடுவார்கள். வைக்கோல் நிறத்தில் வந்தது. சில பிள்ளைகளுக்கு இதோடு சரி. இவனுக்குத் திரும்பவும் ஊறியது. அடிக்கடி குத்தினால் கிருமி தொற்றும் என்பதால், மண்டையில் சிறு துளை போட்டு, குழாய் வைத்து வெளியே பையில் வடிய விட்டார்கள்.

அந்த நாட்கள்தான் பெரும்பாடு. பையின் உயரம் மாறினால் நீர் வடியும் வேகமும் மாறிவிடும். பால் கொடுக்கத் தூக்குவதென்றால் தாதி வந்து குழாயைப் பூட்ட வேண்டும், கிடத்திய பிறகு உயரம் பார்த்துத்தான் திறப்பார். பசியில் அவன் வீரிட்டு அழ, தாதி வரும்வரை நான் அவன் காலைத் தடவிக்கொண்டு நிற்பேன்.

அதற்கும் அடங்காமல் கடைசியில் ஷண்ட். தலையிலிருந்து தோலுக்கு அடியால் வயிற்றுக்குள் இறங்கும் குழாய், நீரை வயிற்றின் உள்ளுறை உறிஞ்சிக்கொள்ளும். சீவியம் முழுக்கக் குழாயோடுதான் என்று சொந்தக்காரர் அழுதார்கள். நீர் மூளைக்கு வெளியே தேங்கிய பிள்ளைக்கு அப்படியில்லை. நீர் வற்றி, மூளை வளர்ந்து அந்த இடத்தை நிரப்பியதும் பெரும்பாலும் கழற்றிவிடலாம். இவனுக்கும் கழற்றியாயிற்று, வேலியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான்.

விசுவமடு அப்பா:

எங்கள் மகளுக்கும் பெரிய தலை, ஸ்கானில் மூளையைச் சுற்றி நீர். டொக்டர் நாடாவை எடுத்து என் தலையை அளந்தார். அப்பாவுக்குப் பெரிய தலை என்றால் பிள்ளைக்கும் இப்படி வருவதுண்டாம். சத்தியில்லை, தவழ்வதும் இருப்பதும் வயதுக்குச் சரி, அதனால் ஒப்பரேசன் வேண்டாம், இரண்டு வயதளவில் சமனாகிவிடும் என்றார். மாதாமாதம் அளந்து பார்த்தோம், அப்படியே ஆனது. ஸ்கானில் நீர் என்றதும் பயந்து ஒடுங்காதீர்கள். எந்த இடத்து நீர், அழுத்தம் இருக்கிறதா என்று டொக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

முள்ளியவளைச் சித்தி:

என் அக்கா மகனுக்கு நீர் மூளைக்கு உள்ளே இருக்கும் அறைகளில். அவனுடைய ஷண்ட் பெரும்பாலும் ஆயுளுக்கும் வேண்டியது. பள்ளிக்கூடம் போகிறான், பந்தடிக்கிறான். ஒருமுறை தலையிடி, விடாத சத்தி, எழுப்பினாலும் எழும்பாத நித்திரை. பக்கத்து மருந்துக்கடையில் வயிற்றுக்கோளாறு என்று குளிசை கொடுத்தார்கள். அக்கா அதை வைத்துவிட்டு உடனே 1990 அம்புலன்ஸுக்கு அடித்தார். குழாய் அடைத்திருந்தது, அன்றிரவே மாற்றினார்கள். ஷண்ட் வைத்த பிள்ளைக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் வந்தாலும், குழாய் போகும் வழியில் தோல் சிவந்தாலும் அதே அவசரம்தான். ஸ்கான் படங்களையும் ஆஸ்பத்திரித் துண்டுகளையும் அக்கா ஒரு பையில் போட்டுக் கதவடியில் கொழுவியிருக்கிறார். பழைய படம் கையில் இருந்தால்தான் இரவுக் கடமையில் இருக்கும் டொக்டர் புதியதோடு ஒப்பிட்டு நீர் கூடியிருக்கிறதா என்று உடனே சொல்லலாம்.